மாஜோங் பேப்பரில் நான் எழுதிய பெயர்

குணா அண்ணன் போய்விட்டார். இன்று காலை, எங்கள் மலை ஊர் ரிங்லெட்டில்... அவர் மகன் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தில் அவர் கையில் கிடார் இல்லை.

எஸ்டேட் ஆள்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எழுபதுகளின் கடைசியில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒரு ராக் பேண்ட் இருந்தது. பெயர் 'தி டென்த் மைல்'. பத்தாவது மைல் லயத்து வீடுகளின் பையன்கள் நான்கு பேர்.

கிடார், குணா அண்ணன். தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டர். பாட்டு, ராஜூ அண்ணன். திரிங்காப் ஊரிலிருந்து ஈப்போவுக்குக் காய்கறி லோரி ஓட்டியவர். நான் ரசிகை, அவ்வளவுதான். கொழுந்துக் கூடையை இறக்கிய கையோடு பிராக்டிஸ் கேட்க ஓடிவிடுவேன்.

பேண்டைத் தொடங்கியதே குணா அண்ணன்தான். ஆம்ப்ளிஃபையரைக்கூடப் பழைய ரேடியோக்களைப் பிரித்து அவரே செய்தார்.

ராஜூ அண்ணன் ஈப்போவிலிருந்து பழைய இங்கிலிஷ் மியூசிக் பத்திரிகைகள் கொண்டுவருவார். பாதிக்கு மேல் சண்டைச் செய்திதான். பாடகனும் கிடார்காரனும் பேசிக்கொள்வதில்லை, ஒருத்தன் பாதி ஷோவில் இறங்கிப் போய்விட்டான், பேண்டின் பெயர் யாருக்கு என்று கோர்ட்டில் கேஸ்... எனக்கு அழுகையே வரும்.

குணா அண்ணன் சிரிப்பார். "வெள்ளக்காரனுக்குச் சாப்பாடு செரிக்கல லா. நமக்குச் சண்ட போட எங்க நேரம்? விடிஞ்சா வேலைக்கு ஆள் எடுக்குற பெரட்டுல போயி பேர் குடுக்கணும்."

ஒரு வருஷம் கோயில் திருவிழாவில் வாசிக்க சான்ஸ் கிடைத்தது. அப்பா கமிட்டி செக்ரட்டரி. என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் நோட்டீஸ் எழுதுவது என் வேலை.

மாஜோங் பேப்பர் என்கிற பெரிய வெள்ளைத் தாளை விரித்து, போஸ்டர் கலரில் 'தி டென்த் மைல்' என்று எழுதினேன். அப்பா பார்த்தார். "இது என்னா, ரோட்டுப் பேரா? வழக்கமா போடற மாதிரி போடு. பாடுறவன் பேரு, அப்புறம் குழுவினர்."

வேறு பேப்பர் எடுத்துப் போட்டேன். 'ராஜூ குழுவினரின் இன்னிசை'. கோயில் நோட்டீஸ் எப்போதும் அப்படித்தான் இருக்கும். தப்பு என்று தோன்றவே இல்லை.

திருவிழா அன்று காலை குணா அண்ணன் அதைப் படித்தார். ராஜூ அண்ணனைப் பார்த்து, "எப்பருந்துடா நான் ஒன் குழு?" என்றார்.

தான் எழுதச் சொல்லவில்லை என்று ராஜூ அண்ணன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "ஜனங்க யாரப் பாக்க வர்றாங்க? பாடுறவனத்தான லா" என்றார். திமிர்.

குணா அண்ணன் ஆம்ப்ளிஃபையர் வயரைச் சுருட்டினார். நான் நாலடி தள்ளித்தான் நின்றேன். பக்கத்தில் அப்பா. நான் வாயைத் திறக்கவில்லை.

அத்தோடு பேண்ட் முடிந்தது. நாற்பது வருஷத்துக்கு மேல் ஒரே ஊர், ஒரே டீக்கடை... இவர் வந்தால் அவர் எழுந்து போவார்.

ரசிகர்கள் நாங்கள் என்ன கிழித்தோம்? கட்சி கட்டினோம். நான் குணா கட்சி. ராஜூவுக்குத் தலைக்கனம் என்று லயம் லயமாகப் போய்ச் சொன்னவளே நான்தான்.

மூன்று வருஷத்துக்கு முன் பிரிஞ்சாங் மார்க்கெட்டில் குணா அண்ணனைப் பார்த்தேன். "அண்ணே, அந்த நோட்டீஸு..." என்று ஆரம்பித்தேன்.

"விடு தங்கச்சி. அவன் எழுதச் சொன்னான், நீ எழுதுன. ஒன் மேல எனக்கு என்னா கோவம்?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அப்பா போய்ச் சேர்ந்தே பல வருஷம் ஆகியிருந்தது. யாருக்குப் பயந்தேன் என்று தெரியவில்லை... கீரைக் கட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ராஜூ அண்ணே, குணா அண்ணன் மகன் போட்ட பதிவில் உங்கள் கமெண்ட்டைப் பார்த்தேன். ஆர்.ஐ.பி. இத்தனை வருஷத்துக்கு அப்புறம் மூன்றே மூன்று எழுத்து. உங்கள் மேல் எரிச்சலாக வருகிறது. என் மேல் அதைவிட.

நீங்கள் எழுதச் சொல்லவில்லை. என் அப்பா சொன்னார், நான் எழுதினேன். எல்லாருக்கும் தெரியட்டும். தெரிய வேண்டியவருக்குத்தான் இனி தெரியாது.

நாளை மதியம் எடுக்கிறார்கள். குணா அண்ணன் வீட்டு வாசலில் ஒட்ட ஒரு மாஜோங் பேப்பர் வாங்கி எழுதி வைத்திருக்கிறேன். இந்த முறை யாரையும் கேட்கவில்லை.

தி டென்த் மைல்.
கிடார், குணா.

போய் வாருங்கள் அண்ணே.