ஜமால் பாயை வெளியே விடவில்லை

ஜமால் பாய் இறந்த செய்தியை என் போன்தான் வாசித்தது. ஒரு ஜவுளிக்கடை விளம்பரத்துக்கும் பேங்க் குறுஞ்செய்திக்கும் நடுவே, 'அத்தா காலையில மௌத்தாயிட்டாங்க' என்று அவருடைய மூத்த மகன் அனுப்பியிருந்ததை, தள்ளுபடியைச் சொன்ன அதே குரலில் சொல்லிவிட்டு நகர்ந்தது. அந்தக் குரலைக் கேட்டு நடக்க எனக்குச் சொல்லித்தந்தவர் அவர். வருத்தத்துக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. இன்னும் தணியவில்லை.

அவரிடம் பழகியவர்கள் மன்னார்குடியிலும் சுற்றுவட்டாரத்திலும் நிறையப் பேர் இருக்கிறீர்கள். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வளைகுடாவில் டிரைவராக இருந்தவர். கண்ணில் அழுத்தம் கூடியபோது, லீவு கேட்டால் வேலை போய்விடும் என்று தள்ளிப்போட்டார். லீவு கிடைத்தபோது பார்வை போயிருந்தது. ஊருக்கு வந்து, வண்டியில் வழிகாட்டிய ஜி.பி.எஸ். குரலைப் போனில் பிடித்துக்கொண்டு, வெள்ளைக் கோலோடு நடக்கப் பழகினார். பிறகு எங்களைப் பழக்கினார். நான் பிறவியிலேயே பார்வையில்லாதவன், கல்லூரியில் வரலாறு நடத்துகிறவன், அவரைவிட வயதில் மூத்தவன். ஐம்பது வயதுவரை யாருடைய தோளையாவது பிடித்துக்கொண்டுதான் கல்லூரிக்குப் போனேன். தோள் வராத நாளில் எனக்கும் லீவு.

முதல் நாள், ஊருக்கு வெளியே ஒரு முக்கில் 'வலதுபுறம் திரும்பவும்' என்றது போன். திரும்பினேன். என் கோல் தரையைத் தட்டாததை எப்படிக் கேட்டாரோ, பாய் பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தார். முன்னால் வாய்க்கால். "எந்தத் தெருன்னு போன் சொல்லும் சார். பள்ளம் இருக்கான்னு கோல்தான் சொல்லும். ரெண்டு பேர்கிட்டயும் கேட்டுட்டு அப்புறம் காலை வைங்க" என்றார். அன்று வீட்டுக்குத் தனியாக வந்து சேர்ந்தேன். என் மனைவி நம்பவில்லை, தெருமுனைவரை போய் யார் கொண்டுவந்து விட்டது என்று தேடினாள்.

தெரியாத ஊரில் நடந்து பழக ஒருமுறை எங்களில் நான்கு பேரைத் திருக்கடையூருக்கு பஸ்ஸில் கூட்டிப்போனார். கோயில் தெருவில் போனில் சிக்னல் வருவதற்காகக் காத்து நின்றோம். அறுபதாம் கல்யாணம் முடித்து வந்த ஒரு குடும்பம் எங்கள் கையில் ஆளுக்கொரு வேட்டியையும் வாழைப்பழத்தையும் வைத்தது. நான் வாங்கிக்கொண்டேன், பழக்கதோஷம். பாய் திருப்பிக் கொடுத்தார். "வேட்டி இருக்கும்மா. பஸ் ஸ்டாப் எந்தப் பக்கம்னு தெரிஞ்சா சொல்லுங்க." அந்த அம்மாள் வழி சொல்லவில்லை. 'ஐயோ பாவம்' என்று அவர் கையைப் பிடித்து ஒரு ஆட்டோவில் ஏற்றப் பார்த்தார். திரும்பும்போது பாய் சொன்னார்: "பள்ளத்தைக் கோல் கண்டுபிடிச்சிடுது சார். இவங்க அன்பைக் கண்டுபிடிச்சு ஒதுங்கத்தான் இன்னும் ஒண்ணும் வரலை."

மனைவி இறந்ததும், சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் மகன்கள் இருவரும் அவரை அங்கே கூட்டிப்போனார்கள். ஒன்பதாவது மாடி. லிஃப்ட், வாட்ச்மேன், சமைக்க ஆள். முதல் வாரமே கோலோடு கீழே இறங்கியிருக்கிறார். வாட்ச்மேன் கேட்டில் மறித்து மூத்த மகனுக்குப் போன் போட்டான். அவன் ஆபீஸிலிருந்து ஓடிவந்து, "உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா ஊரே எங்களைத்தான் பேசும் அத்தா" என்று அழுதானாம். அழுத பிள்ளையிடம் பாய் 'சரிப்பா' என்றாராம். அவருடைய கதை அந்தச் 'சரிப்பா'வோடு முடிந்துவிட்டது.

தான் இருக்கும் இடத்தை என் போனுக்குத் தெரியும்படி வைத்திருந்தார். ஊரில் இருந்தபோது, தட்டினால் ஒரு நாள் ரயிலடி என்னும், ஒரு நாள் பந்தலடி என்னும். பிறகு எப்போது தட்டினாலும் அந்த அடுக்குமாடியின் பெயர்தான். சர்க்கரைக்கு டாக்டர் நடக்கச் சொன்னார். வேலைக்காரப் பெண் கையைப் பிடித்து ஹாலில் நடத்தினாள். "ஹாலுக்கு எதுக்கு சார் ஜி.பி.எஸ்.?" என்று போனில் என்னிடம் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடைசியில் மாரடைப்பு என்றார்கள்.

மன்னார்குடியில் நடந்த அஞ்சலிக் கூட்டத்தில் அந்த மூத்த மகன் பேசினான். "அத்தாவை ஒரு நாள்கூட நாங்க தனியா வெளியில விட்டதில்லை" என்றான். கூட்டம் உச்சுக்கொட்டியது. "பிள்ளைன்னா இப்படி இருக்கணும்" என்றார் எனக்குப் பின்னால் ஒருவர். பாய் பழக்கிய நாங்கள் எல்லாரும் கோலை மடித்து மடியில் வைத்துக்கொண்டு வாய்மூடி உட்கார்ந்திருந்தோம். துக்கத்துக்கு வந்த இடத்தில் என்னத்தைப் பேசுவது. அவன் கெட்டவன் இல்லை, அதுதான் கசக்கிறது. கெட்டவனாக இருந்திருந்தால் பாய் சண்டை போட்டிருப்பார்.

பெங்களூரில் இருக்கும் என் மகன் மறுநாள் கூப்பிட்டான். "ரிட்டயர் ஆகப்போறீங்க, இங்க வந்துடுங்கப்பா. உங்களை ஒரு அடி தனியா விடமாட்டேன்."

"வரமாட்டேன்" என்றேன்.

அவனும் அழுதான். அழட்டும் என்று விட்டுவிட்டேன். ஜமால் பாயிடமிருந்து எனக்கு மிஞ்சியது அவர் சொல்லித்தந்த நடை. கூடவே, தன் பிள்ளையிடம் அவர் சொல்லாமல் விட்ட அந்த ஒரு சொல்.