ஹெட்டியை முந்திய பேருந்து

வாரத்தில் ஐந்து நாள் ஏழாம் நம்பர் பேருந்தை ஓட்டும் ஹெட்டி பிளாக்‌ஷாவுக்கு, ஒரு நிமிடம் தாமதமானாலும் மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். சனிக்கிழமையோ அவள் ஓட்டுவது, அவளைவிட இருபது வயது மூத்த, கூரையில்லாத இரட்டை இறக்கை விமானம்.

அன்று பழைய விமானம் வைத்திருப்பவர்கள் கடலோரப் புல்வெளியில் தேநீருக்கும் கேக்குக்கும் கூடும் நாள். பலத்த எதிர்காற்று. விமானம் முக்கி முனகி நகர்ந்தது. ஒரே தேவாலயக் கோபுரத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டே போனாள் ஹெட்டி. கொடியில் காயும் சட்டைகளைக்கூட எண்ண முடிந்தது. அப்போது கீழே சாலையில் ஒரு பேருந்து அவளைச் சாவகாசமாக முந்தியது. அவளுடைய ஏழாம் நம்பரேதான். சனிக்கிழமைகளில் அதை ஓட்டும் காலின், விளக்கை இரண்டு முறை சிமிட்டிவிட்டு வேறு போனான்.

அவள் தரையிறங்கியபோது தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அந்தப் புல்வெளி வாசல்தான் ஏழாம் நம்பரின் கடைசி நிறுத்தம். வேலியில் சாய்ந்தபடி கடைசித் துண்டு கேக்கைத் தின்றுகொண்டிருந்தான் காலின்.

"என்ன ஹெட்டி, என் வண்டியில ஏறியிருந்தா கேக்காவது கெடைச்சிருக்கும்ல?"

"உன் வண்டிக்குக் கூரை இருக்கே. அதான் ஏறல."

"நாப்பது நிமிஷம் லேட்டு. நாங்க லேட்டா வந்தா மட்டும் திட்டித் தீத்துடுவே."

"இன்னிக்கு என்னை யாராவது திட்டினாங்களா, பாத்தியா?" காற்றில் சிவந்த முகமெல்லாம் சிரிப்பு.

கேக்கும் கிடைக்காமல் போயிற்றே என்று காலினுக்குப் பாவமாக இருந்தது. "போகட்டும் விடு. திரும்பும்போது காத்து பின்னாடியிருந்து தள்ளும். இருபதே நிமிஷத்துல வீட்டுக்குப் போயிடுவே," என்று தேற்றினான்.

"இருபதே நிமிஷந்தானா?" ஹெட்டியின் முகம் அப்போதுதான் வாடியது.