ஆறாம் மாடிக்காரியின் வாய்

தெங் யாலானுக்கு மூக்குக்கு மேல் கோபம் என்று அந்தப் பஞ்சாலைக் குடியிருப்பு முழுக்கப் பேச்சு. அவளைக் கேட்டால், அது எப்போது மூக்குக்குக் கீழே இறங்கியது என்று திருப்பிக் கேட்பாள். பத்தொன்பது வயதில் ஹான்கோவ் நகரத்து ஆற்றங்கரையோரம் ஓடும் பஸ்ஸில் சீட்டுக் கொடுக்கப் போனவள். கோடையில் அந்த பஸ்ஸுக்குள் ஏறினால் ஆவியில் வேகும் கொழுக்கட்டையின் கதிதான். அந்த நெரிசலில் கடைசி இருக்கைக்காரனுக்கும் கேட்கிற மாதிரி, "உள்ள நகருய்யா, வாசல்ல நின்னு யாருக்குப் பன்னீர் தெளிக்கப் போற?" என்று முப்பது வருடம் கத்தியிருக்கிறாள். அங்கே தேனொழுகப் பேசினால் ஒரு சீட்டும் விற்காது.

அவள் புருஷன் லாவ் பாய் நேர் எதிர். பஞ்சாலையின் ஒலிபெருக்கியில் காலையும் மாலையும் செய்தி வாசித்தவர். அவர் மழை வரும் என்று வாசித்தால் மழைகூட மரியாதையாகப் பெய்யும் என்று ஆலைப் பெண்கள் கேலி செய்வார்கள். வீட்டிலும் அப்படித்தான். கெட்ட வார்த்தை ஒன்று அவர் வாயில் வந்து யாரும் கேட்டதில்லை. இப்படிப்பட்ட குரல் ஒரு காக்கைத் தொண்டைக்காரியைக் கட்டிக்கொண்டதே என்று ஊர் வாய்விட்டே சொன்னது. யாலானுக்கு அதிலும் ஒரு பெருமை.

அந்தக் குரல் யீச்சாங்கில் போனது. மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது ஒரு காலை பல் தேய்க்கப் போனவர் அப்படியே சரிந்தார். பக்கவாதம். வலக்காலும் வலக்கையும் போயின. பேச்சும் போனது. போன பேச்சு முழுதாகப் போய்த் தொலைந்திருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். ஒரே ஒரு சொல் மிச்சம் நின்றது. தண்ணீர் வேண்டுமா என்றாலும், மகள் ஃபோனில் அழுதாலும், ஜன்னலில் குருவி வந்து உட்கார்ந்தாலும் அவர் வாயிலிருந்து தெளிவாக வருவது அது ஒன்றுதான்: "போடா மயிரு."

மருமகனும் அவன் நண்பர்களும் ஆளில்லாத நேரம் பார்த்து அவரை ஆறு மாடி தூக்கிவந்து கட்டிலில் விட்டுப் போனார்கள். அன்று கதவைச் சாத்தியவள்தான். யார் கேட்டாலும் "அவருக்கு முட்டி வலி, டாக்டர் படி கூடாதுன்னுட்டார்" என்றாள். ஆலை முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்ட குரல் இப்படி ஆனதைக் கண்டு ஒருத்தன் சிரித்துவிட்டால்? அவன் கழுத்தை அவள் நெரிக்க வேண்டியிருக்கும். எதிர்வீட்டில் மாறி மாறி வாடகைப் பையன்கள். அவர்களுக்கு இருப்பவர் யார், இல்லாதவர் யார் என்றே தெரியாது.

ஜன்னலிலிருந்து கீழே கற்பூர மரம் தெரியும். மரத்தடியில் கல்மேசை. மேசையில் சதுரங்கப் பலகை. லாவ் பாய் நாள் முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருப்பார். அவரை ஒரு நாள் அந்த மரத்தடி வெயிலில் கொண்டுபோய் உட்காரவைக்க வேண்டும். யாலானுக்கு உலகத்தில் வேறு ஆசை இல்லை.

எனவே பழைய கட்டடங்களுக்கு லிஃப்ட் வைக்கலாம் என்று அரசு சொன்னதும் அவள்தான் முதலில் கிளம்பினாள். முதல் மாடியிலிருந்து ஆறாம் மாடி வரை கதவைத் தட்டிக் கையெழுத்து வாங்கினாள். தரைத்தளத்துக் கீழ்வீட்டு ஷாங் தேலின் மட்டும் மறுத்தார். ஒரு வீட்டுக்காரர் மறுத்தால் போதும். இயந்திரம் வரும் நாளில் நாற்காலி போட்டுக் குறுக்கே உட்கார்ந்துவிடுவார், கம்பெனிக்காரன் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவான். பக்கத்துக் கட்டடத்தில் அதுதான் நடந்தது.

ஷாங், ஆலையில் தறி பழுது பார்த்தவர். மனைவி போன பிறகு ஜன்னலோரம் பீர்க்கங்கொடி, வாசலில் சதுரங்கம், அதோடு சரி. லாவ் பாயின் பல வருடத்துச் சதுரங்க எதிரி. யாலான் அவரிடம் முதல் தடவை பேசியது பஸ் பாணியில்.

"உனக்கு மேல இருக்கிறவங்க எல்லாம் மனுஷங்க இல்லையா? உன் பீர்க்கங்காய்க்கு வெளிச்சம் போயிடும்னு நாங்க ஏறி ஏறிச் சாகணுமா?"

"என் ஜன்னல், என் வெளிச்சம். ஆறாவது மாடி வேணும்னு எடுத்தப்ப நான் வந்து கையைப் பிடிச்சேனா?" என்று அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

குடியிருப்புக் கமிட்டியில் வேலை பார்க்கும் சியாவ் மியாவ் என்ற பெண்தான் யோசனை சொன்னாள். "அத்தை, நீங்க பேசுற விஷயம் சரி, பேசுற விதம்தான் சரியில்ல. மனசைத் தொடற மாதிரி பேசக் கத்துக்குடுக்க வகுப்பு வெச்சிருக்கோம். வாங்க."

"ஐம்பது வருஷம் பேசியாச்சு. இனிமே ஒருத்தன் வந்து எனக்கு நாக்கு மாட்டிவிடணுமா?" என்றாள் யாலான். ஆனாலும் போனாள். மரத்தடி வெயிலுக்காகக் கழுதை காலையும் பிடிப்பாள்.

வகுப்பெடுத்தவன் இஸ்திரி மடிப்புக் கலையாத ஒரு பையன். முகத்தில் ஒட்டவைத்த சிரிப்பு. எடுத்ததும் பாராட்டுங்கள் என்றான். எதிராளி சொன்னதையே திருப்பிச் சொல்லி, புரிகிறது என்று காட்டுங்கள் என்றான். "நீங்க இப்படிச் செஞ்சீங்க" என்று குற்றம் சாட்டாமல் "எனக்கு வருத்தமா இருக்கு" என்று உங்கள் பக்கத்தைச் சொல்லுங்கள் என்றான். யாலான் பல்லைக் கடித்துக்கொண்டு மனப்பாடம் செய்தாள். வீட்டில் லாவ் பாயை ஷாங்காக வைத்துப் பயிற்சி எடுத்தாள்.

"ஷாங் அண்ணே, உங்க கொடிப்பந்தல் கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கு."

"போடா மயிரு," என்றார் லாவ் பாய்.

"அவனும் அதைத்தான் சொல்வான்," என்றாள் யாலான்.

ஷாங் அதைச் சொல்லவில்லை. யாலான் ஒரு கூடைத் தாமரைக்கிழங்கோடு இறங்கிப்போய், கூசக்கூசச் சிரித்து, பந்தலைப் பாராட்டினாள். ஷாங் அவளை உற்றுப் பார்த்தார்.

"பந்தல் நல்லாயிருக்குன்னு நீ நினைக்கிறது எனக்குப் புரியுது, தங்கச்சி."

"லிஃப்ட் வந்தா வெளிச்சம் குறையும்னு நீங்க கவலைப்படறது எனக்கும் புரியுதுண்ணே."

"என் கவலை உனக்குப் புரியுதுங்கிறது எனக்குப் புரியுது."

"எனக்கு ஒரு வருத்தம் இருக்குண்ணே..."

"உன் வருத்தத்தை நான் மதிக்கிறேன்."

யாலான் கூடையைக் கீழே வைத்தாள். "எந்தக் கிழமை போனீங்க?"

"செவ்வாய். கீழ்வீட்டுக்காரங்களுக்குத் தனியா எடுத்தாங்க. நீங்க வந்தா எப்படிப் பதில் சொல்லணும்னு. போனவங்களுக்கு முட்டை குடுத்தாங்க."

"எங்களுக்கு முட்டைகூடத் தரல," என்றாள் யாலான். அவளுக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த இஸ்திரிப் பையனைத் துணியோடு சேர்த்துத் தேய்த்திருப்பாள்.

கதவைச் சாத்தும் முன் ஷாங் கேட்டார். "லாவ் பாய்க்கு லிஃப்ட் வேணும்னா அவன் வந்து கேக்கட்டுமே. சொல்லாம கொள்ளாம ஆட்டத்தை நிறுத்தினான். இப்போ பெண்டாட்டியை அனுப்புறான்."

"அவருக்கு முட்டி சரியில்ல."

"முட்டி சரியில்லேன்னா வாய்க்கென்ன? ஜன்னல்லேர்ந்து ஒரு குரல் குடுத்தாப் போதாதா? ஆலை முழுக்கக் கேட்ட குரலாச்சே."

சொல்லிவிடலாம் என்று யாலானின் தொண்டை வரைக்கும் வந்தது. முழுங்கினாள். இவன்முன் போய் என் புருஷனைப் பார்த்துப் பரிதாபப்படு என்று கையேந்துவதா? மாடிக்கு மாடி நின்று ஷாங்கின் வம்சத்தையே திட்டிக்கொண்டு ஏறினாள்.

அடுத்ததும் மியாவின் யோசனைதான். கேட்பதற்கு முன்பே ஆளுக்குப் பெருமை சேர்த்துவிட்டால் மறுக்க வாய் வராதாம். சிவப்பு வெல்வெட்டில் தங்க எழுத்துப் பதித்து, குஞ்சம் தொங்கவிட்டு, உயிர் காத்த டாக்டருக்குக் கொடுப்பார்களே, அதே நன்றிக் கொடி. "பரந்த மனம், பண்புள்ள அயலார்: ஷாங் தேலின் அவர்களுக்குக் கட்டடத்தார் நன்றி" என்று எழுதி வாசலில் தொங்கவிட்டார்கள். கட்டடமே நின்று கைதட்டியது. யாலான் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினாள்.

ஷாங் எள் விழுது பிரட்டிய நூடுல்ஸ் கிண்ணத்தோடு வெளியே வந்தார். மென்றுகொண்டே எழுத்தெழுத்தாக வாசித்தார்.

"யார் செத்தது?" என்றார். "செத்தவனுக்குத்தானே அவன் செய்யாததையெல்லாம் செஞ்சான்னு எழுதுவாங்க?"

கைதட்டல் நின்றது. மறுநாள் அந்தக் கொடி அவருடைய சைக்கிளுக்கு மழை உறையாகக் கிடந்தது. போகிற வருகிறவர்கள் எல்லாம் பரந்த மனத்தைச் சீட்டின்மேல் வாசித்துக்கொண்டு போனார்கள். அவமானம் ஷாங்குக்கு இல்லை, யாலானுக்குத்தான். அவர் பேச்சையே நிறுத்திவிட்டார். எதிரே வந்தால் பீர்க்கங்கொடியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

ஆகஸ்ட் வெயிலில் லாவ் பாய்க்கு நெஞ்சில் சளி கட்டியது. மூச்சு விசிலடித்தது. ஒரு மதியம் உதடு நீலம் பாரித்ததைப் பார்த்து யாலான் ஆம்புலன்ஸை வரவழைத்தாள். இரண்டு வாலிபர்கள் அவரை நாற்காலியில் கட்டி இறக்கினார்கள். குறுகிய படி. திருப்பத்துக்குத் திருப்பம் சுவரில் இடித்தது. ஒவ்வொரு மாடியிலும் கதவு திறந்தது. மறைத்து மறைத்து வைத்தது எல்லாம் பட்டப்பகலில் ஊர்வலமாக இறங்கியது.

கீழே, வாசலோரம் ஷாங் தனியாக உட்கார்ந்து இரண்டு பக்கமும் தானே ஆடிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்கிய வாலிபர்கள் நாற்காலியை அவர் எதிரே வைத்துவிட்டார்கள். ஷாங் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தார்.

"லாவ் பாய்," என்றார். "ஏன்யா வரல இத்தனை நாளா?"

லாவ் பாயின் வாய் ஒரு பக்கம் கோணியது. பழைய ஒலிபெருக்கிக் குரலில், சுத்தமாக வந்தது: "போடா மயிரு."

படியில் நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். யாலான் கண்ணை மூடிக்கொண்டாள்.

"சரி," என்றார் ஷாங். "அன்னிக்கு வெச்ச காயைத் திரும்ப எடுத்தது நான்தான். அதுக்காக இவ்வளவு நாளா?"

"போடா மயிரு," என்றார் லாவ் பாய் மறுபடி. குழந்தையைக் கொஞ்சுகிற குரல். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. நல்ல கை நீண்டு ஷாங்கின் சட்டையைப் பிடித்தது.

ஷாங் அந்தக் கையைப் பார்த்தார், வலக்கையைப் பார்த்தார், யாலானைப் பார்த்தார். "என்ன ஆச்சு இவனுக்கு?"

"பக்கவாதம். பேச்சு போச்சு. இது ஒண்ணுதான் வரும்."

ஷாங்குக்கு முகம் சிவந்தது. "இதை ஏன்டி சொல்லல? கிழங்கு தூக்கிட்டு வந்தே, கொடி தூக்கிட்டு வந்தே. வெளிச்சம், கவலை, வருத்தம், புரியுதுன்னு நாக்கைச் சுழட்டிச் சுழட்டிப் பேசினியே. என் சிநேகிதன் வாயடைச்சுக் கிடக்கிறான்னு ஒரு வார்த்தை சொன்னியா?"

"நீ ஏன்யா ஏறி வந்து பாக்கல?" யாலானின் பஸ் குரல் திரும்பி வந்துவிட்டது. "சிநேகிதனாம். ஆறு மாடி. நான் அரிசி மூட்டையைத் தூக்கிட்டு ஏறலையா? ஒரு நாள் வந்து கதவைத் தட்டியிருந்தா உன் கண்ணாலயே பாத்திருக்கலாமே."

ஷாங் தரையைப் பார்த்துச் சொன்னார். "வந்தேன். மூணாவது மாடி வரைக்கும் வந்தேன்."

"அப்புறம்?"

"முட்டி. ரெண்டும் போச்சு. படியில உக்காந்துட்டு, யாரும் பாக்கறதுக்குள்ள இறங்கிட்டேன்."

யாலான் அவரை மேலும் கீழும் பார்த்தாள். அவளுக்கு இருந்த கோபத்தில் என்ன செய்வது என்றே தெரியவில்லை.

"அப்போ உனக்கும்தான்யா லிஃப்ட் வேணும், மடப்பயலே."

"பாட்டி, மிச்சத்தை வந்து திட்டுங்க. இவருக்கு மூச்சு வாங்குது," என்று வாலிபர்கள் நாற்காலியைத் தூக்கினார்கள்.

லாவ் பாய் ஆஸ்பத்திரியில் இருந்தபோதே ஷாங் நொண்டிக்கொண்டு கமிட்டி ஆபீஸுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டார். போடும்போது மியாவையும் அந்த இஸ்திரிப் பையனையும் அரைமணி நேரம் திட்டினாராம். இயந்திரம் வந்த நாளில் நாற்காலி போட்டு உட்காரத்தான் செய்தார். பந்தலை ஒரு ஓரமாக நகர்த்திக் கட்டும்வரை அவர்களை மண் தோண்ட விடவில்லை. அதில் யாலானும் அவர் பக்கம் நின்று கத்தினாள்.

வசந்தத்தில் லாவ் பாய் மரத்தடி வெயிலில் உட்கார்ந்தார். காய் எப்படி நகரும் என்பது பாதி மறந்துவிட்டது. ஷாங் அதைப் பயன்படுத்தி வெட்கமில்லாமல் ஏமாற்றினார். எதிரிலிருந்து அதே ஒரு வசவு வந்துகொண்டேயிருந்தது. யாரும் சிரிக்கவில்லை. நெரிப்பதற்கு யாலானுக்கு ஒரு கழுத்தும் கிடைக்கவில்லை. அதுவே அவளை இன்னும் எரித்தது. இதற்காகவா அந்த மனிதனை இரண்டு வருடம் ஜன்னலில் வைத்துப் பூட்டினேன் என்று தன்மேலேயே வந்த கோபம், ஷாங்மேல் வந்ததைவிடப் பெரிது.

மியாவ் விடவில்லை. வெற்றிக் கதையாம். அடுத்த வகுப்பில், ஷாங்கை எப்படிப் பேசிச் சம்மதிக்கவைத்தாள் என்று யாலான் வந்து சொல்ல வேண்டுமாம். இந்த முறை எல்லாருக்கும் முட்டை உண்டு என்றாள்.

போனாள். இஸ்திரிப் பையன் மைக்கை நீட்டினான். அவள் அதை ஒதுக்கித் தள்ளினாள். மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கும்.

"என் வீட்டுக்காரருக்கு வாய் போச்சு," என்றாள். "எனக்கு வாய் இருந்துச்சு. ரெண்டு வருஷம் இந்தக் கட்டடத்துல எல்லாத்தையும் பேசினேன், அதை மட்டும் சொல்லல."

பிறகு தன் பங்கு முட்டையை வாங்கிக்கொண்டு, லிஃப்டில் ஏறிப் போனாள்.