கை கடிக்கும் நேரம்

சிறப்புக் கல்விப் பட்டயப் படிப்பின் முதல் வருடத்தில், ஒரு குழந்தையைப் பத்து நாள் கவனித்து எழுதச் சொன்னார்கள். தாளில் மூன்று கட்டங்கள்: முன்னால் என்ன நடந்தது, குழந்தை என்ன செய்தது, பின்னால் என்ன நடந்தது. கண்ணில் பட்டதை மட்டும் எழுத வேண்டும். நம் அபிப்பிராயம் கூடாது.

ஒரகடத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய சிறப்புப் பள்ளிக்கு என்னை அனுப்பினார்கள். எனக்குக் கிடைத்தவள் ஒன்பது வயதுச் சிறுமி. பேச்சு வராது. அப்பா இல்லை. அம்மா ஒரு தொழிற்சாலையில் உற்பத்தி லைனில் நின்று வேலை செய்கிறவர். படிக்க வருமுன் நானும் சுங்குவார்சத்திரத்தில் அறை எடுத்துத் தங்கி, இரண்டு வருடம் லைனில் நின்றவள்தான்.

காலையில் அவள் சாது. நிறம் நிறமாக மணிகளைப் பிரித்துக்கொண்டிருப்பாள். மூன்று மணி வாக்கில் திடீரென்று வலது மணிக்கட்டை வாயில் வைத்துக் கடிப்பாள். அந்த இடத்தில் தோல் தடித்துக் கறுத்திருந்தது.

மூன்று நாள் முதல் கட்டத்தில் 'ஒன்றும் நடக்கவில்லை' என்று எழுதினேன். நான்காம் நாள்தான் காதில் விழுந்தது, பள்ளி வேன் வாசலில் ரிவர்ஸில் வரும்போது அடிக்கும் பீப் பீப் சத்தம். ஐந்தாம் நாள் வேன் வர முக்கால் மணி நேரம் தாமதம். அதுவரை அவள் கடிக்கவில்லை. சத்தம் கேட்டதும் கடித்தாள்.

வகுப்பு ஆசிரியையிடம் சொன்னேன். "அவளுக்குச் சத்தம் ஆகாதும்மா. அப்படியே எழுதிக்கோ" என்றார்.

ஆனால் சாலையில் லாரிகள் அலறும்போது அவள் தலையைக்கூடத் திருப்புவதில்லை. மறுநாள் சாப்பிட்டபின் கை கழுவிவிட முழுக்கைச் சட்டையை மேலே ஏற்றினேன். அவள் ஒருநாளும் கடிக்காத இடது மணிக்கட்டில், வளையல் போட்ட மாதிரி சுற்றிலும் சிவந்த தடம்.

அன்று அவள் வீடு இருக்கும் வல்லக்கோட்டை வரை வருகிறேன் என்று சொல்லி வேனில் ஏறினேன். வேனில் குழந்தைகளோடு போய்வரும் ஆயாம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "எடம் இல்லம்மா" என்றார். ஒரு ஓரத்தில் ஒண்டிக்கொண்டேன். பள்ளி கேட்டைத் தாண்டியதும் அவர் பையிலிருந்து ஒரு துப்பட்டாவை எடுத்தார். சிறுமி தானாகவே இரண்டு கைகளையும் நீட்டினாள். அவர் அவற்றை முன்சீட்டுக் கம்பியோடு சேர்த்துக் கட்டினார்.

"இன்னாம்மா பாக்குற? அவ அம்மா சொல்லித்தான் கட்டுறேன்."

சிறுமியோடு நானும் இறங்கினேன். முதல் ஷிப்ட் முடிந்து வந்திருந்த அம்மா வீட்டு வாசலில் நின்றிருந்தார். "அக்கா, கையைக் கட்டச் சொன்னது நீங்களா?" என்று கேட்டேன்.

"நான்தான் சொன்னேன். ஓடுற வண்டில கதவத் தொறந்துட்டா. பின்னால கன்டெய்னர் லாரி வந்துகினு இருந்துச்சு. எனக்கு இவ ஒருத்திதான். நீயா இருந்தா இன்னா பண்ணுவ?"

சிறுமியின் பையை அவரிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

மறுநாள் தலைமையாசிரியையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஆயாம்மாவைத் திட்டினார், கேட்காமல் வேனில் ஏறியதற்காக என்னையும் திட்டினார். அன்றே கதவுக்குக் குழந்தைகள் திறக்க முடியாத பூட்டும், சீட்டுக்குப் பெல்ட்டும் போட ஏற்பாடு செய்தார். கட்டுவது நின்றது. மீதி நாட்கள் நானும் வேனில் போனேன். கேட்டைத் தாண்டியதும் அவள் கைகளை நீட்டுவாள். யாரும் கட்டமாட்டார்கள். நீட்டிய கைகளோடு காத்திருந்து, முன்னைவிடப் பலமாகக் கடிப்பாள். என் பத்து நாள் அப்படியே முடிந்தது.

சில மாதம் கழித்து ஒரகடம் பஸ் நிறுத்தத்தில் அம்மாவையும் அவளையும் பார்த்தேன். சிறுமி என்னைப் பார்த்தமாதிரிகூடத் தெரியவில்லை.

"கடிக்கறது இப்ப ரொம்பக் கம்மி" என்றார் அம்மா. "ஆனா எந்த வண்டில ஏறினாலும் ரெண்டு கையும் நீட்டிக்கினு குந்திக்கீது. டிக்கெட் கேக்குதுன்னு கண்டக்டர் நெனச்சிக்கிறாரு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். பஸ் வந்தது. நானும் அதில்தான் போக வேண்டும். அடுத்ததில் வருகிறேன் என்று சொல்லி நின்றுகொண்டேன்.