மலைக்குப் பின்னால் இறங்கிய பிறை

ஆம்பூரில் ஒரு ஷூ தொழிற்சாலையின் ஏற்றுமதிப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வானத்தைப் பார்ப்பது என் பழக்கம். வெள்ளி எப்போது மாலை வானத்துக்கு வந்தது, வியாழன் எந்த வாரம் சூரிய வெளிச்சத்தில் மறைந்தது என்றெல்லாம் தேதி போட்டு வைப்பேன். இது தெரிந்தவர்கள் ரம்ஜான் மாதக் கடைசியில் என் மேசைக்கு வந்து நிற்பார்கள். ஒரு வருடம் வந்தவர் கட்டிங் பிரிவு பாய், என் நெடுநாள் நண்பர்.

"சார், இன்னிக்கி பிறை தெரியுமா தெரியாதா? சுத்தி வளைக்காம சொல்லுங்க."

அன்று இருபத்தொன்பதாம் நோன்பு. மாலையில் பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள். இல்லையென்றால் இன்னொரு நோன்பு. ஊருக்கு அறிவிப்பு வர இரவு ஒன்பதுகூட ஆகலாம். பாயின் மகளுக்கோ ஏழு மணிதான் கெடு. வேலூரில் ஒரு மருத்துவமனையில் அவள் நர்ஸ். கிடைப்பது ஒரே நாள் விடுப்பு. அது நாளைக்கா, நாளை மறுநாளா என்று ஏழுக்குள் சொல்லிவிட வேண்டும். முந்தைய பெருநாள் முழுவதும் அவளுக்கு வார்டிலேயே கழிந்திருந்தது.

"கஷ்டம்தான் பாய். ஆனா தெரியவே தெரியாதுன்னும் சொல்ல முடியாது."

"இன்னா சார், ஆபரேஷனுக்கு முன்னாடி டாக்டர் பேசற மாதிரி பேசறீங்க."

அமாவாசை என்று நாள்காட்டி ஒரு நாளைக் காட்டினாலும் உண்மையில் அது ஒரு கணம். சூரியனை நிலா கடக்கும் கணம். அதன் பிறகு நிலா, மணிக்கு ஏறக்குறைய தன் அகலம் அளவு சூரியனை விட்டுக் கிழக்கே விலகுகிறது. அன்று அந்தக் கணம் கடந்து முழுதாக ஒரு நாள்கூட ஆகவில்லை. சூரியன் மறையும்போது பிறை, நீட்டிய கையின் ஒரு முஷ்டி உயரத்தில் நிற்கும். அப்போது வானம் கண் கூசும். வானம் மங்கிக் கண்ணுக்குப் பிடிபடும் நேரத்தில் அது அரை முஷ்டிக்கு இறங்கிவிடும். எங்கள் ஊரில் அந்த அரை முஷ்டியை மேற்கே இருக்கும் மலை எடுத்துக்கொள்கிறது.

தொழிற்சாலை மொட்டைமாடியில் நின்று பார்த்தோம். மலைதான் தெரிந்தது. எனக்குக் கால் தரிக்கவில்லை. "ஏறுங்க பாய், ஹைவேல போய்ப் பாப்போம்" என்று வண்டியை எடுத்தேன். பிறை மேற்கில்தானே, மேற்கே போனால் கிட்டத்தில் பார்க்கலாம் என்பதுபோல் வாணியம்பாடிப் பக்கம் விரட்டினேன். போகப் போக மலை உயர்ந்துகொண்டே வந்தது.

பாய் பின்னாலிருந்து சிரித்தார். "நாட்றம்பள்ளி வரைக்கும் போலாமா சார்? அங்க டீ நல்லா இருக்கும்."

வண்டியை ஓரங்கட்டிக் கையை நீட்டி அளந்தேன். மலை முக்கால் முஷ்டியைத் தின்றிருந்தது. கிரகங்களின் நடையை வருடக்கணக்காகக் குறித்து வைப்பவனுக்கு, மலையை நெருங்கினால் மலை பெரிதாகும் என்பது தோன்றவில்லை. விலகிப் போயிருக்க வேண்டும். கிழக்கே, பாலாற்றுக்கு.

திரும்பினோம். வழியில் எங்கிருந்தோ பாங்கு கேட்டது. பாய் ஓடும் வண்டியிலேயே பேரீச்சம்பழம் ஒன்றை வாயில் போட்டு, பாட்டிலில் இருந்த தண்ணீரைக் குடித்து நோன்பு திறந்தார். மிச்சத் தண்ணீர் என் சட்டை முதுகில்.

ஆற்றில் தண்ணீர் இல்லை. மணலில் இறங்கி நின்றதும் மலை தாழ்ந்து, தொலைவில் ஒரு கோடாகக் கிடந்தது. வானத்தில் இன்னும் வெளிச்சம்.

"தொழுதுட்டு வந்துடறேன் சார். ஏற்கெனவே லேட்டு." துண்டை விரித்து நின்றுகொண்டார்.

அவர் குனிந்தபோது வானத்தில் ஒன்றுமில்லை. அவர் நெற்றி மணலைத் தொட்டபோது அது அங்கே இருந்தது. நகத்தை வெட்டிப் போட்டதைவிட மெலிதாக, மலைக்கோட்டுக்குச் சற்று மேலே. கண்ணை எடுத்தால் தொலைந்தது; திரும்பத் தேடினால் கிடைத்தது. தொழுகிறவரை எப்படிக் கூப்பிடுவது? போனில் படம் எடுத்தேன். ஆரஞ்சு நிற மங்கல் மட்டும் விழுந்தது. நான் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நின்றேன். அவர் நிதானமாக வலப்பக்கம் திரும்பினார், இடப்பக்கம் திரும்பினார், எழுந்தார். "பாய், பிறை!" என்று கையை நீட்டினேன்.

"எங்க சார்?"

என் விரல் காட்டிய இடத்தில் புழுதி மூட்டம்தான் இருந்தது. கடைசிவரை தேடினோம்.

மகளுக்குப் போன் போட்டார். "சார் பாத்தாரு. நான் பாக்கல. நீயே முடிவு பண்ணிக்கோ."

ஸ்பீக்கரில் அவள் குரல் அவசரமாக வந்தது. "அங்கிள் பாத்தாரு இல்ல? போதும். நாளைக்கே லீவு சொல்லிடறேன்."

"பாய், நான் பள்ளிவாசலுக்கு வந்து சொல்றேனே."

"வாங்களேன். சந்தோஷமா கேப்பாங்க, டீ குடுப்பாங்க. கணக்குல மட்டும் எடுத்துக்க மாட்டாங்க, எங்காளு பாத்தாதான் சாட்சி."

"நீங்க சொல்லுங்க."

"பாக்காததப் பாத்தேன்னு சொல்லச் சொல்றீங்களா சார்? முப்பது நோன்பு வெச்சிட்டா?"

"இருபத்தொன்பது" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

அன்றிரவு வீட்டில் நான் உட்காரவே இல்லை. அறிவிப்பு வந்தது: எங்கும் பிறை தென்படவில்லை, நாளை நோன்பு.

மறுநாள் காலை பாயின் மகள் வந்து இறங்கினாள், பெருநாள் இல்லாத பெருநாள் விடுப்பில். மாலையில் பாய் என்னை வீட்டுக்கு அழைத்தார். போகக் கூச்சமாக இருந்தது. போகாமல் இருக்கவும் முடியவில்லை. அவர் வீட்டு வாசலிலிருந்தே பிறை இரண்டு முஷ்டி உயரத்தில், தடித்து, தேடாமலே தெரிந்தது. பக்கத்து மாடியில் சத்தம்: "இவ்ளோ பெருசா இருக்கே, இது ரெண்டாம் பிறைதாம்பா!"

"சாரி மா" என்றேன் அவளிடம். "என்னால உனக்கு பேஜார். காலைல டூட்டி."

பாயின் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். "ஏன் சார் சாரி? பிறை பாத்தாச்சி, பெருநாள் வந்துடுச்சி. எங்களுக்கு நாளு சூரியன் எறங்குனா ஆரம்பம். விடியட்டும்னு யாரு காத்துக்கினு இருக்காங்க?"

பால் அப்போதே அடுப்பில் இருந்தது. வறுத்த சேமியாவும் முந்திரியும் பேரீச்சையும் அதில் விழுந்தன. வழக்கமாகக் காலைத் தொழுகை முடிந்து குடிக்கும் ஷீர் குர்மாவை, அந்த வீட்டில் அந்த ஒரு வருடம் விளக்கு வைத்த நேரத்தில் குடித்தார்கள். மகள் புதுச் சுடிதாரை மாட்டிக்கொண்டு வந்து, நின்றபடியே இரண்டு கிண்ணம் குடித்தாள். நாக்கைச் சுட்டுக்கொண்டாள்.

பிறகு வேலூர் பஸ்ஸைப் பிடிக்கப் பாயின் வண்டியில் ஏறினாள், புதுத் துணியோடு.