உள்ளங்கையில் ஒரு சொட்டு

மலேசியாவின் லாபிஸ் ஊரில் ஒரு பிறந்தநாள் விருந்தில்தான் அந்தச் சமையல்கார அம்மாவைப் பார்த்தேன். ஒல்லியான உருவம், இடுப்பில் ஈரத்துண்டு. கரண்டியில் வாய் வைக்கமாட்டார். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுத்தான் ருசி பார்ப்பார்.

என் மகளுக்கு நிலக்கடலை ஆகாது. அதனால் கடலை கலக்காத பிஸ்கட்டைப் பொடித்து, பட்டையும் கிராம்பும் சேர்த்து, ஓட்ஸ் பாலில் காய்ச்சி, அவள் ஐஸ்கிரீமுக்கு நானே சாஸ் செய்திருந்தேன். அந்த அம்மா, குச்சியில் குத்திச் சுட்ட சாத்தே இறைச்சிக்கு வைத்த கடலைக் குழம்பை ருசி பார்த்துவிட்டு, அதே கரண்டியால் என் சாஸைக் கலக்கி அள்ளினார். மகள் கிண்ணத்தை நீட்டினாள்.

“ஊத்தாதீங்க!” என்று கத்திவிட்டேன்.

“ஏம்மா? எச்சில் பண்ணல லா, கையிலதான் ஊத்திப் பாத்தேன்.”

“அது கடலைக் குழம்புக் கரண்டி, அக்கா. கொஞ்சம் பட்டாலே இவளுக்கு மூச்சு அடைச்சிரும்.”

அவர் முகம் வெளிறியது. சாஸை முழுவதும் கொட்டி, சட்டியையும் கையையும் சோப்புப் போட்டுத் தேய்த்தார். “நீயே செய்மா. நான் கிட்ட வரல.”

மீதி பிஸ்கட்டில் மறுபடி காய்ச்சினேன். மகள் சாப்பிட்டு முடிக்கும்வரை அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அவள் முகத்தையே பார்த்து நின்றார். பிறகு நான் கரண்டியை நீட்டினேன். “ருசி பாருங்கக்கா.”

விரிந்த உள்ளங்கை சட்டென்று மூடிக்கொண்டது. “வேணாம்மா. கழுவியும் கடலை வாசம் போகல.”

பக்கத்தில் நின்ற எனக்குச் சோப்பு வாசம் மட்டும்தான் வந்தது.