ஓம் சொல்லாத நான்காம் வகுப்பு

"எவடத்துல முள்ளுத் தச்ச?"

சோக்குத்துண்டைக் காதோரம் செருகிக்கொண்டு ஜுனைதா டீச்சர் இப்படித்தான் கேட்கிறார். கணக்கில் தடுக்கிய பிள்ளை எழுந்து வந்து, கரும்பலகையில் தனக்குப் புரியாத வரியின்மேல் விரலை வைக்க வேண்டும். வைத்துவிட்டால் டீச்சருக்கு அப்படியொரு மகிழ்ச்சி. "ஆ, என்ட கிளி! நல்ல இடத்துலதான் தச்சிரிக்கி."

"விளங்கியதா?" என்று அவர் கேட்பதேயில்லை. கேட்டால் வகுப்பு முழுவதும் "ஓம் டீச்சர்" என்று இழுத்துப் பாடும். "அந்த ஓமுக்குள்ள பாதிப்பேர் ஒளிச்சிருவாங்க" என்பது அவர் கட்சி. அதனால் நான்காம் வகுப்பில் ஓமுக்குத் தடை. வாய் தவறிச் சொன்ன பிள்ளை, தனக்கு விளங்கியதைப் பக்கத்துப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் உட்காரலாம்.

சூறாவளியோடு போன கட்டடம் இன்னும் எழும்பவில்லை. கல்முனைக்குடிக் கடற்கரையில், தென்னோலைக் கிடுகு வேய்ந்த கொட்டில் ஒன்றில் பள்ளி நடக்கிறது. மழை பெய்தால் டீச்சர் தன் குடையைப் பதிவுப் புத்தகத்துக்குப் பிடித்துவிட்டுத் தான் நனைவார். நான்காம் வகுப்புக்கும் ஐந்தாம் வகுப்புக்கும் நடுவே சுவர் என்று நிற்பது ஒரு கரும்பலகை மட்டும். அந்தப் பக்கத்தில் இரைச்சல் கூடும்போது இவர் தன் குரலைக் குறைப்பார். பிள்ளைகள் கழுத்தை நீட்டிக்கொண்டு முன்னால் சரிவார்கள்.

ஐந்தாம் வகுப்பு மீராமுகைதீன் சேருடையது. அங்கே ஓம் அலையலையாக எழும்.

"என்ன டீச்சர், ஒங்கட வகுப்பு மையத்து விழுந்த வீடு மாதிரிச் சத்தமில்லாமக் கெடக்கு?"

"மையத்துக்கும் கபுருக்குழியில கேள்வி இரிக்கிதானே சேர்! அங்கயும் சும்மா ஓம் எண்டு தப்பேலா."

ஜுனைதா டீச்சர் சம்மாந்துறையிலிருந்து பஸ்ஸில் வந்துபோகிறார். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. கல்வி அதிகாரி ஒருநாள் வந்து பார்த்து எழுதும் அறிக்கைதான் அதைத் தீர்மானிக்கும். வீட்டில் உம்மாவும் தங்கைமாரும் அந்தச் சம்பளத்தைத்தான் நம்பியிருக்கிறார்கள். பள்ளி அதிபர் அப்துல் ஸமட் கெஞ்சிப் பார்த்தார். "அண்டைக்கி மட்டும் ஓம் சொல்ல விடுங்களன், டீச்சர்."

"ஒரு நாளைக்கி விட்டா மறுகா வருசம் முழுக்க அதுதான் சேர்."

அறிக்கையின் முடிவு இன்னும் வரவில்லை. அரபு நாட்டில் இருந்துகொண்டு நான்தான் அதை நினைத்துப் பதறுகிறேன். அவர் பதறுவதாகத் தகவல் இல்லை.

அதிகாரி வந்த அன்று நான் விடுமுறையில் ஊரில் இருந்தேன். தங்கை மகள் நதீராவைக் கூட்டிப்போக, வழக்கம்போல் நேரத்துக்கு முன்பே போய்க் கொட்டில் வாசலில் நின்றேன். பின்னப் பாடம் முடிந்திருந்தது. அதிகாரி எழுந்து, "விளங்கியதா, பிள்ளைகளே?" என்று கேட்டார்.

நான்காம் வகுப்பு அவரைப் பார்த்தபடி வாய் திறக்காமல் இருந்தது.

கரும்பலகைக்குப் பின்னாலிருந்து, "ஓம் சேர்!" என்று ஐந்தாம் வகுப்பு முழங்கியது.

அதிகாரி சிரிக்கவில்லை. பேனாவைத் திறந்தார். அப்போது பார்த்தா நதீரா எழும்ப வேண்டும்!

"எனக்கு வெளங்கல்ல சேர். மூண்ட விட நாலு பெரிசிதானே? அப்ப மூண்டுல ஒண்ட விடக் காலெல்லோ பெரிசு?"

அதிகாரிக்குப் பக்கத்தில் நின்ற அதிபர் கண்ணை மூடிக்கொண்டார். அதிகாரி எழுதத் தொடங்கினார். "இரி மகள், மறுகா சொல்லித் தாறன்" என்று டீச்சர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் காரியம் அதோடு முடிந்திருக்கும்.

அவர் ஓடும் பேனாவை ஒருமுறை பார்த்தார். பிறகு தன் பையைத் திறந்து, பகலைக்குத் தின்ன வாங்கிவந்த இரண்டு பணிஸ் ரொட்டியையும் எடுத்தார். ஒன்றைத் தன் கையில் வைத்துக்கொண்டார்.

"இத நான் நாலாப் பிய்க்கிறன். நீங்க அத மூண்டாப் பிய்ங்க சேர். புள்ள ரெண்டுலயும் ஒவ்வொரு துண்டு எடுத்துப் பாக்கட்டும்" என்று சொல்லி, மற்றதை அதிகாரி பேனா பிடித்திருந்த கைக்கே நீட்டினார்.